ஒரு ரன்னில் தோத்த டீமுக்குக் கைதட்டல் மட்டும் போதுமா?

2024 ஜூன் 15, சனிக்கிழமை. செம் லீவு. காலை 5 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து டிவி முன்னாடி உட்கார்ந்தேன். "இந்தியா மேட்ச்சாடா?"ன்னு அம்மா கேட்டாங்க. "இல்லம்மா, நேபாளம்." ஒரு மாதிரி பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க.

டி20 உலகக் கோப்பை, எதிரணி தென்னாப்பிரிக்கா. குஷல் புர்தேல் 4 விக்கெட், தீபேந்திர சிங் ஐரி 3 விக்கெட். தென்னாப்பிரிக்கா 115 ரன்னில் நின்றது. சேஸிங்கில் ஆசிஃப் ஷேக் 42 அடித்தார். ஜெயிச்சிடுவாங்க என்று நினைத்தபோது ஷம்சி புகுந்து விளையாடினார், 4 விக்கெட். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை. ஒரு ரன் ஓடினாலே டை. குல்ஷன் ஜா ரன் அவுட். ஒரே ஒரு ரன்னில் தோல்வி.

அன்னிக்கு எங்க வாட்ஸப் குரூப் முழுக்க நேபாளம்தான். "மாஸ்டா", "ஹார்ட் வின் பண்ணிட்டாங்கடா". சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மறந்தாச்சு. என் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்குது. இவ்வளவு நல்லா ஆடின ஒரு டீமுக்கு நம்ம கிரிக்கெட் உலகம் அடுத்து என்ன கொடுத்தது?

நேபாளத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அவர்களுடைய முக்கியமான மைதானம் காத்மாண்டு பக்கத்தில் கீர்த்திபூரில் இருக்கிறது. அது திரிபுவன் பல்கலைக்கழகத்தின் கிரவுண்ட். ஆமா, நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸ் இருக்கிற கேம்பஸ்தான். ரொம்ப வருஷம் அங்கே பெரிய கேலரி எதுவும் கிடையாது. சுற்றி இருக்கிற புல்மேட்டில்தான் கூட்டம் உட்காரும். 2023 மார்ச்சில் யுஏஇ அணியோடு ஆடிய ஒருநாள் போட்டிக்கு மேடு நிரம்பி, மரத்தின் மேலெல்லாம் ஆட்கள். அந்த மேட்ச்சை ஜெயித்ததோடு கடைசி 12 போட்டிகளில் 11 வெற்றி என்று கணக்கை முடித்து, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போனார்கள்.

இதைவிட ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கு. 2016 ஏப்ரலில் நேபாள கிரிக்கெட் சங்கத்தை ஐசிசி சஸ்பெண்ட் செய்தது. காரணம், நிர்வாகத்தில் அரசின் தலையீடு. தடை நீங்கியது 2019 அக்டோபரில். நடுவில் மூன்றரை வருஷம் சொந்தமாக ஒரு போர்டே இல்லாத நிலை. அந்தக் காலத்தில்தான், 2018 மார்ச்சில், பாரஸ் கட்கா தலைமையில் அந்த அணி முதன்முறையாக ஒருநாள் அந்தஸ்து வாங்கியது! அதே வருஷம் சந்தீப் லாமிச்சானே டெல்லி அணிக்காக ஐபிஎல் ஆடிய முதல் நேபாள வீரர் ஆனார். நிர்வாகம் படுத்துக் கிடந்தபோதும் டீம் நடந்துகொண்டே இருந்தது.

சரி, இப்போ ஒரு கம்பேரிசன். 2014 டி20 உலகக் கோப்பையில் நேபாளம் ஆப்கானிஸ்தானை 9 ரன்னில் ஜெயித்தது. அப்போதே ஆப்கானிஸ்தான் சில படிகள் முன்னால் இருந்தது உண்மைதான். ஆனால் எட்ட முடியாத தூரம் இல்லை. அதன் பிறகு ஆப்கானிஸ்தானுக்கு 2017இல் முழு உறுப்பினர் தகுதி, 2018இல் பெங்களூருவில் இந்தியாவோடு முதல் டெஸ்ட், வீட்டு மைதானமாகப் பயன்படுத்த இந்தியாவிலேயே கிரவுண்டுகள். 2024 உலகக் கோப்பையில் அவர்கள் அரையிறுதிக்கே போனார்கள். அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ரஷீத் கான் மாதிரி ஆளை எந்தப் போர்டும் ஆர்டர் போட்டுத் தயாரிக்க முடியாது. ஆனால் பெரிய டீமோடு அடிக்கடி ஆடினால்தான் அந்தத் திறமை கடைசி ஓவரில் நடுங்காமல் நிற்கும். நேபாளத்துக்கு அது கிடைக்கவில்லை.

"சின்ன டீமோட ஆடினா ஒன்சைடா போகும், யார் பார்ப்பா?" என்று என் ரூம்மேட் கேட்பான். நியாயமான கேள்விதான். அவனுக்கு நம்ம கதையையே சொல்றேன். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். முதல் டெஸ்ட் வெற்றி எப்போ தெரியுமா? 1952இல், நம்ம சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. அது நமக்கு 25ஆவது டெஸ்ட். இருபது வருஷம், 24 மேட்ச் ஜெயிக்காமலே ஆடியிருக்கோம். "இவங்களுக்கு வராது" என்று யாராவது கதவைச் சாத்தியிருந்தால்?

இன்றைக்கு அந்தக் கதவுப் பக்கத்தில் நிற்பது நாம்தான். ஐசிசியின் 2024–27 வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு மட்டும் சுமார் 38 சதவீதம். அசோசியேட் நாடுகள் அத்தனையும் சேர்ந்து 11 சதவீதம் சொச்சம். பக்கத்து நாடு, பார்டர் தாண்ட பாஸ்போர்ட்கூட வேண்டாம். ஆனாலும் இந்திய சீனியர் ஆண்கள் அணி நேபாளத்துக்குப் போய் ஒரு தொடர் ஆடியதில்லை. 2023இல் ரெண்டு தடவை மோதினோம். ஆசியக் கோப்பையில் அவர்கள் 230 ரன் எடுத்தார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம்ம 202 ரன்னைத் துரத்தி 179 வரை வந்தார்கள். ரெண்டும் நாம் ஜெயித்த மேட்ச்தான். ஆனால் எதுவும் பார்க்கச் சகிக்காத மேட்ச் இல்லையே?

நேபாளம் பக்கமும் தப்பு இருக்கு. தலையீடும் சங்கச் சண்டையும் மூன்றரை வருஷத்தைத் தின்றது. சித்வானில் மக்களிடம் நிதி திரட்டி ஆரம்பித்த ஸ்டேடியம் வேலை பாதியில் நின்றது. ரசிகர்களின் வெறியை மட்டும் நம்பி ஒரு விளையாட்டை நடத்த முடியாது. 2024இல் எட்டு அணிகளோடு நேபாள பிரீமியர் லீக் ஆரம்பித்ததை அதனால்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

அந்த ஒரு ரன் தோல்விக்குப் பதினைந்து மாதம் கழித்து, 2025 செப்டம்பரில், ஷார்ஜாவில் ரோஹித் பௌடேல் தலைமையில் நேபாளம் வெஸ்ட் இண்டீஸை 2–1 என்று தொடரில் ஜெயித்தது. இரண்டாவது மேட்ச்சில் 90 ரன் வித்தியாசம். முழு உறுப்பினர் நாட்டுக்கு எதிராக அவர்களுக்கு அதுதான் முதல் தொடர் வெற்றி. மூன்று மேட்ச் கொடுத்தாங்க, ரெண்டை எடுத்துட்டாங்க.

என் கோரிக்கை பெரிசா ஒண்ணும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, நம்ம ஏ டீமாவது கீர்த்திபூர் போய் மூன்று மேட்ச் ஆடட்டும். நம்ம உள்ளூர்ப் போட்டி ஒன்றில் நேபாளத்துக்கு ஒரு இடம் கொடுக்கட்டும். நம்ம பங்குக்கு, அடுத்த தடவை நேபாளம் மேட்ச் வரும்போது கடைசி ஓவர் கிளிப்புக்காகக் காத்திருக்காமல் முதல் பந்திலிருந்து பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் போர்டுகள் அட்டவணை போடுகின்றன. அந்தக் கணக்கில் நாமும் வருவோம்.