பூச்சியங்களை விழுங்கும் எழுத்துகள்

பொதுப் பணத்தின் கணக்கை வாசிக்க இயலாத மக்கள், அதனைக் குறித்துக் கேள்வி எழுப்பவும் இயலாதவராவர். இன்று இணையத்திலும் நிதி அறிக்கைகளிலும் பெருந்தொகைகளின் பூச்சியங்கள் மறைந்துவிட்டன. அவற்றின் இடத்தில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கிறது. கே, எம், பி, ரி என்னும் அந்நான்கு எழுத்துகள் உணர்த்துவன யாவை?

கே என்பது ஆயிரம்; கிரேக்க மொழிவழி வந்த 'கிலோ' என்பதன் முதலெழுத்து. எம் என்பது மில்லியன், அதாவது 10 இலட்சம். பி என்பது பில்லியன், 100 கோடி. ரி என்பது ரில்லியன், ஓர் இலட்சம் கோடி. படிக்குப் படி ஆயிரம் மடங்கு! மில்லியன் விநாடிகள் 12 நாட்களுக்குள் கழிந்துவிடும்; பில்லியன் விநாடிகள் கழிய 31 ஆண்டுகளுக்கு மேலாகும். ஓரெழுத்து மாறினால் வரும் வேற்றுமை அத்தகையது.

இவ்வெழுத்துகள் எங்கும் ஒரே பொருள் தருவனவுமல்ல. உரோம இலக்கத்தில் எம் ஆயிரத்தைக் குறிப்பதால், நிதித்துறையினர் சிலர் ஆயிரத்துக்கு ஓர் எம்மும் மில்லியனுக்கு இரண்டு எம்மும் இடுவர். பிரித்தானியாவில் முன்னர் பில்லியன் எனில் ஓர் இலட்சம் கோடி. 100 கோடி என்னும் பொருளை அந்நாட்டு அரசு ஏற்றது 1974இலேயே. கம்பெனிக் கணக்குகளிலோ 'ரூபா ஆயிரங்களில்' என்றொரு சிறு குறிப்பு தலைப்பில் இருக்கும். அதனைக் காணாதவர் 4,500 என்பதை அப்படியே கொள்வர். உண்மைத் தொகை 45 இலட்சம்.

எழுத்தின் பெருமை கண்டு மயங்குவதும் தவறு. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேர். ஒரு பில்லியன் ரூபாவை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 46 ரூபா! அதே தொகை 10,000 கமக்காரக் குடும்பங்களுக்கெனின் குடும்பத்துக்கு ஓர் இலட்சம். ஆகவே, ஒதுக்கீட்டுச் செய்தி கேட்டதும் கைதட்டுவதா? அன்றி, எத்தனை பேருக்கு என்று வகுத்துப் பார்ப்பதா?

அரசாங்கமும் உள்ளூராட்சி மன்றங்களும் வெளியிடும் கணக்குகளில் தொகைகள் முழு இலக்கத்திலோ, இலட்சம், கோடி என்னும் நம் வழக்கிலோ எழுதப்படல் வேண்டும். அதுவரையில் கற்றோர் தத்தம் ஊர்ச் சங்கங்களில் இவ்வெழுத்துகளை விளக்குவாராக. பரப்புக் கணக்கில் பிசகாத நம் கமக்காரனுக்குப் பில்லியன் கணக்கு எட்டாததன்று. எழுத்தைப் பிரித்துக் காட்டினால் போதும். கேட்க வேண்டிய கேள்வியை அவனே கேட்பான்.