மாற்று இல்லாத தடை நீதியாகாது

மலையகத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் மண்சரிவுக்கு அடுத்தபடியாக அஞ்ச வேண்டியது நெருப்புக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலும் தங்கவைக்கப்பட்டனர். அதன் பின்னரும் ஊவாவில் எத்தனையோ குடும்பங்கள் இவ்வாறே பொது மண்டபங்களில் ஒதுங்க நேர்ந்தது. பலகைத் தளம், சேலையாலும் மட்டையாலும் ஆன தடுப்பு, ஒரே கூரையின் கீழ் பல அடுப்புகள், ஒரே கம்பியிலிருந்து இழுத்த பல விளக்குகள் என்றால் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. லயக் காம்பராக்களின் நிலையும் இதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஒரு காம்பராவில் பற்றும் தீ தொடர்கூரை வழியே அடுத்ததற்குத் தாவுகிறது. பதுளையிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ தீயணைப்பு வண்டி தோட்டப் பாதையில் ஏறி வருமுன் வரிசை முழுவதும் சாம்பலாகிவிடலாம்.

ஆகவே ஒவ்வொரு தங்குமிடத்திலும், பிள்ளை பராமரிப்பு நிலையத்திலும், சங்கக் கடையிலும் கையால் தூக்கக்கூடிய தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எதை வாங்குவது, எதை இனாமாகக் கிடைத்தாலும் மறுப்பது என்பதே கேள்வி. ஏழைகளுக்கு எது கொடுத்தாலும் போதும் என்ற எண்ணத்துடன் பிறர் கழித்துவிட்ட உருளைகளை நம் தலையில் கட்ட இடமளிக்கக்கூடாது. குறிப்பாக ஹேலோன் நிரப்பிய கருவி நமக்கு வேண்டாம்.

பச்சை உருளையின் கதை

பழைய பிரித்தானிய வழக்கப்படி நீர்க் கருவிக்குச் சிவப்பு, நுரைக்கு வெளிர் மஞ்சள், தூளுக்கு நீலம், காபனீரொட்சைட்டுக்குக் கறுப்பு, ஹேலோனுக்குப் பச்சை என நிறங்கள் இருந்தன. உருளை பச்சையாக இருந்தாலோ, '1211' அல்லது 'பி.சி.எஃப்' என்று எழுதியிருந்தாலோ அது ஹேலோன் எனக் கொள்க.

ஹேலோன் நல்ல தீயணைப்பான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது மின்சாரத்தைக் கடத்தாது, இயந்திரத்தை நனைக்காது, தீ அணைந்த பின் கறையோ தூளோ எஞ்சாது. அதிலுள்ள புரோமீன், தீயைத் தொடர்ந்து எரியச் செய்யும் இரசாயனச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. துயரம் என்னவென்றால், அதே புரோமீன் மேல் வளிமண்டலத்தை அடைந்ததும் ஓசோன் படையையும் அழிக்கிறது. ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமீன் அணு ஒரு குளோரீன் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு வலிமையுள்ளது. அந்தப் படை மெலிந்தால் சூரியனின் புறஊதாக் கதிர்கள் கூடுதலாக நிலத்தை அடையும். கண்ணில் வெண்படலம், தோற் புற்றுநோய், பயிர்ப் பாதிப்பு எல்லாம் அதனால் அதிகரிக்கும். காலை முதல் மாலை வரை வெயிலில் கொழுந்து பறிப்பவரும் மரக்கறித் தோட்டத்தில் குனிந்து நிற்பவரும் இதை எங்கோ நடக்கும் விடயமாகக் கருத முடியாது.

அந்தாட்டிக்கா மேலே ஓசோன் படை பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் 1985இல் வெளியிட்டனர். 1987 செப்டம்பர் 16ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. வளர்ந்த நாடுகளில் 1994 முதலும், நம்மைப் போன்ற நாடுகளில் 2010 முதலும் புதிய ஹேலோன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று கிடைக்கும் ஹேலோன் கருவி பழையதாகவே இருக்கும். அதில் அழுத்தம் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று சொல்ல முடியாது. ஒருமுறை பாவித்தால் மீண்டும் நிரப்பவும் வழியில்லை. கடும் வெப்பத்தில் அது நச்சு ஆவிகளையும் உண்டாக்கும். ஓசோனைப் பற்றிக் கவலைப்படாதவருக்கும் வேண்டாம் என்று சொல்ல இந்தக் காரணங்களே போதும்.

ஏற்கனவே ஒன்று கையிலிருந்தால் சோதித்துப் பார்ப்பதற்காக விசிறவும் வேண்டாம், இரும்புக் கடைக்கு உடைத்து விற்கவும் வேண்டாம். சுற்றாடல் அமைச்சின் தேசிய ஓசோன் பிரிவுக்கு எழுதி ஆலோசனை கேளுங்கள்.

எதற்கு எது?

மாற்றைத் தெரிவு செய்யும்போது கருவியின் விலையைக் கேட்குமுன், நம்மிடத்தில் எரியக்கூடியது எது என்று கேட்க வேண்டும்.

விறகு, பலகை, துணி, பாய், கடதாசி இவற்றுக்குத் தண்ணீரே சிறந்தது. தங்குமிடங்களில் முதலில் வைக்க வேண்டியது 9 லீற்றர் நீர்க் கருவி. அதற்கும் பணமில்லையெனில் எப்போதும் நிரம்பியிருக்கும் வாளிகளும் ஒரு பீப்பாய் தண்ணீரும் மணலும் வையுங்கள். ஆனால் மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. எண்ணெய் மேலே மிதந்து தீயைப் பரப்பும். அதற்கு நுரை அல்லது உலர் தூள் ஏற்றது. தாச்சியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடிவிட்டு ஆறும்வரை தொடாதிருங்கள்.

2021இன் இறுதியில் நாடெங்கும் நிகழ்ந்த சமையல் எரிவாயு விபத்துகளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயுத் தீயில் முதல் வேலை வால்வை மூடுவதே. மூட முடியாத நிலையில் சுவாலையை மட்டும் அணைத்தால் வாயு அறையில் தேங்கி, பின்னர் வெடிக்கலாம். அப்போது ஆட்களை வெளியேற்றுவதே அறிவு.

மின்ஒழுக்கால் தீ பற்றினால் பிரதான ஆளியை நிறுத்த வேண்டும். சங்க அலுவலகத்துக்கும் கணினி உள்ள அறைக்கும் காபனீரொட்சைட்டுக் கருவி பொருத்தம். ஹேலோனைப் போலவே அதுவும் கறை வைக்காது. ஆனால் சிறிய மூடிய அறையில் மூச்சடைக்கும். காற்று வீசும் வெளியிடத்தில் பயன் குறைவு. உலர் தூள் பலவகைத் தீக்கும் உதவும். எனினும் அது ஒரு நிமிடம்கூட விசிறாது. இயந்திரத்தையும் உணவுப் பொருளையும் பழுதாக்கும். தொழிற்சாலையில் தேயிலை கிடக்கும் இடத்துக்கு அது உகந்ததல்ல.

'ஹேலோனுக்குப் பதிலானது, சுத்தமானது' என்று விலை கூடிய வாயுக் கருவிகளும் விற்கப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் உள்ள எச்.சி.எஃப்.சி. வகையும் ஓசோனைக் கெடுப்பதால் அதே உடன்படிக்கையின் கீழ் குறைக்கப்பட்டு வருகிறது. எச்.எஃப்.சி. வகை ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும். 2016ஆம் ஆண்டின் கிகாலித் திருத்தம் அதையும் கட்டுப்படுத்துகிறது. நமது தேவைக்கு இவை அவசியமில்லை.

எந்தக் கருவியானாலும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். வாசலருகே, பெண்களுக்கும் எட்டும் உயரத்தில் தொங்க வேண்டும். பாவிக்கத் தெரிந்தவர் பகலிலும் இரவிலும் அங்கு இருக்க வேண்டும். ஆண்கள் வேலைக்குப் போன வேளையில் தீ பற்றினால், பூட்டிய அறைக்குள் இருக்கும் கருவி எவரையும் காப்பாற்றாது.

மாற்றுடன் வந்த தடை

'ஓசோனை ஓட்டையாக்கியவர்கள் பணக்கார நாட்டவர்கள். நாங்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?' என்று நம்மவர் கேட்பது நியாயமே. அந்த நியாயத்தை மொன்றியல் உடன்படிக்கையே ஏற்றுக்கொண்டது. வறிய நாடுகளுக்குக் கூடுதல் காலம் கொடுத்தது. 1990இல் இலண்டனில் கூடியபோது, மாற்றத்துக்கான செலவை வளர்ந்த நாடுகள் ஏற்கும் வகையில் ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. நமது தேயிலைத் துறையில் மண்ணிலுள்ள வட்டப்புழுக்களை அழிக்கப் பாவிக்கப்பட்ட மெதைல் புரோமைட்டும் இவ்வாறே விலக்கப்பட்டது. உலக நாடுகள் யாவும் இந்த உடன்படிக்கையில் இணைந்துள்ளன. ஓசோன் படையும் மெல்ல மெல்ல மீண்டு வருகிறது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1990 சமாதான தினச் செய்தியில் ஓசோன் அழிவைச் சுட்டிக்காட்டினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் இந்த உடன்படிக்கையை நல்ல முன்மாதிரியாகக் குறிப்பிட்டார்.

இதில் இடம்பெயர்ந்த நமக்கு ஒரு பாடம் உண்டு. ஹேலோன் தடை வெற்றி பெற்றது வெறும் கட்டளையால் அல்ல. 'இதை விடு' என்றவர்கள் 'இதை எடு' என்று மாற்றையும் பணத்தையும் கையில் கொடுத்தார்கள். மீரியாபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் 'இங்கிருந்து போ' என்ற சொல்லுடன் போய்க் குடியிருக்கக் காணியும் வீடும் உரிய காலத்தில் வரவில்லை. நாட்சம்பளத் தொழிலாளி தன் லயத்தை விட்டு எங்கே போவார்? மாற்று இல்லாத எச்சரிக்கை, பழியை ஏழையின் தலையில் இறக்கிவைக்கிறது.

தீ விடயத்திலும் இதையே கேட்போம். 'வயரை இழுக்காதே, உள்ளே அடுப்பு மூட்டாதே' என்று அறிவித்தல் ஒட்டுவது போதாது. பாதுகாப்பான மின்னிணைப்பும், தனிச் சமையலறையும், தண்ணீர்க் குழாயும், வண்டி வரக்கூடிய பாதையும் வேண்டும். தோட்டங்களுக்கும் சேவை செய்ய 2018ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பிரதேச சபைகளுக்கு வழி திறந்துள்ளது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எழுதுங்கள். ஒன்று, நமது பணத்தில் ஒரு நீர்க் கருவியும் நிரம்பிய வாளிகளும். மற்றது, சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கையெழுத்திட்ட கோரிக்கை. முதலாவதை நாமே செய்து முடித்துவிட்டு இரண்டாவதைக் கேட்கப் போனால், நமது குரலைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்கு எளிதாக இராது.