கண்டறிதல் ஆண்டுக்கு ஒரு முறை. சிகிச்சை எத்தனை முறை? கல்வராயன் மலையிலிருந்து ஒரு சட்டக் கேள்வி

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பிறகுதான் கல்வராயன் மலையில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு அவ்வாண்டு ஜூலையில் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சாலை, மருத்துவம், பள்ளி எனப் பல குறைகள் பேசப்பட்டன. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அரசு அங்கே எப்போதும் தாமதமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அத்தகைய பட்டியல்களில் எளிதில் இடம்பெறாத ஒரு பொருளை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுடன் வாழும், ஆறு வயது நிரம்பாத குழந்தைக்கு வீட்டில் வந்து அளிக்கப்படும் ஆரம்பநிலை இடையீட்டுச் சிகிச்சை எத்தனை நாளுக்கு ஒரு முறை கிடைக்க வேண்டும்?

இது மருத்துவர்கள் முடிவுசெய்ய வேண்டிய நுணுக்கம் என்று தோன்றலாம். அது பாதி உண்மை. எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்பதைக் குழந்தையைப் பார்த்தவரே சொல்ல முடியும். ஆனால் எந்தக் குழந்தைக்கும் இதற்குக் குறையக் கூடாது என்று ஓர் எல்லை வகுப்பது சட்டத்தின் வேலை. நம் சட்டம் அந்த வேலையைச் செய்யவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 25ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஊரகப் பகுதிகளில் அருகிலேயே இலவச மருத்துவம் என்கிறது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு உண்டு. பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய குழந்தைகளைக் கண்டறிய, அனைத்துக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. திட்டமும், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பரிசோதிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஆகக் கண்டறிவதற்கு எண் இருக்கிறது. கண்டறிந்த பிறகு? மறுவாழ்வுச் சேவைகளைப் பற்றிப் பேசும் 27ஆம் பிரிவில் எண் எதுவும் இல்லை. அரசின் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்ற சொற்றொடர்தான் இருக்கிறது. இலவசக் கல்வி உரிமை தரும் 31ஆம் பிரிவு 6 வயதில் தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த வீட்டுவழிக் கல்வியும் பள்ளி வயதுக் குழந்தைக்கே உரியது. மூளை மிக விரைவாக வளரும் முதல் ஆறு ஆண்டுகள், அரசு முயல வேண்டும் என்று மட்டும் சொல்லும் அரசமைப்பின் 45ஆம் உறுப்பிடம் விடப்பட்டிருக்கின்றன. அந்த உறுப்பைக் காட்டி வழக்குத் தொடுத்து நிவாரணம் பெற இயலாது.

எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜமைக்காவில் விடை இருக்கிறது. கிறிஸ்டின் பவல், சாலி கிரந்தம்-மெக்கிரகர் ஆகிய இருவரும் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வு 1989இல் வெளிவந்தது. சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, குழந்தையுடன் எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் கற்றுத் தந்தார்கள். சில வீடுகளுக்கு மாதம் ஒரு முறை, சில வீடுகளுக்கு இரு வாரத்துக்கு ஒரு முறை, சில வீடுகளுக்கு வாரந்தோறும் சென்றார்கள். மாதம் ஒரு முறை சென்றதால் பெரிய பயன் எதுவும் விளையவில்லை. இடைவெளி குறையக் குறையப் பயன் கூடியது. வாரந்தோறும் சென்றபோது அது தெளிவாகத் தெரிந்தது. அக்குழந்தைகள் வறுமையில் வாழ்ந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். எனவே அந்த முடிவை அப்படியே மூளை முடக்குவாதத்துக்குப் பொருத்த முடியாது. இருப்பினும் மாதம் ஒரு முறை வந்துபோவது பெரும்பாலும் வராததற்குச் சமம் என்ற எச்சரிக்கை நம் திட்டங்களுக்கும் பொருந்தும்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. நிபுணர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரு வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு மாதங்களில் 12 அமர்வுகள் நடத்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் பெற்றோர் அன்றாடம் குழந்தையுடன் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். குழந்தை தானாக உரையாட முன்வருவது கூடியது. அமெரிக்காவில் 2001இல் தேசிய ஆய்வுக் குழு ஒன்று, ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைக்கு வாரம் 25 மணி நேரமேனும் முனைப்பான பயிற்சி வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாம் ஓர் எண்ணை அல்ல, இரண்டு எண்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரியும். பணியாளர் வீட்டுக்கு வரும் எண்ணிக்கை ஒன்று. அவர் சொல்லிக்கொடுத்தது குழந்தையின் குளியலிலும் உணவிலும் விளையாட்டிலும் கலந்து நிகழும் நேரம் மற்றொன்று. இரண்டாவதுதான் குழந்தையை வளர்க்கிறது. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது சில வாரங்களில் தளர்ந்து நின்றுவிடுகிறது.

இனி மலைக்கு வருவோம். திட்டத்தின்படி ஆரம்பநிலை இடையீட்டு மையம் மாவட்டத் தலைநகரில் இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து நிற்க இயலாத மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் சுமந்து புறப்படும் தாயை எண்ணிப் பாருங்கள். பேருந்து நிற்கும் சாலை வரை நடை. பிறகு மலை இறங்கி, கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் கடந்து கள்ளக்குறிச்சி. அங்கிருந்து இன்னொரு பேருந்து. அரை மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போகின்றன. வாரம் இரு முறை வாருங்கள் என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தருவது எளிது. அவர் மூன்றாவது வாரம் வராதபோது, பெற்றோர் அக்கறை இல்லாதவர் என்று பதிவேட்டில் எழுதுவது அதைவிட எளிது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் வேலை தேடிக் காப்பித் தோட்டங்களுக்குப் பருவந்தோறும் இடம்பெயர்கின்றன. பெயர்ந்த குடும்பத்துடன் குழந்தையின் சிகிச்சைக் குறிப்பும் பயணம் செய்ய இப்போது வழி எதுவும் இல்லை.

ஆகவே வீட்டுக்கு வருவதே தீர்வு என்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறை மருத்துவர் வீடு தேடி வரலாம் என்பதை நடைமுறையில் காட்டியது. ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அமைப்பில் முதியோர், பக்கவாத நோயாளிகள் என அவரிடம் காத்திருப்போர் வரிசை நீளமானது. கணக்குக்காக நாளொன்றுக்கு ஐந்து வீடு, வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டாலும் 25 வீடுகளுக்கு மேல் போக இயலாது. மலைப் பாதையில் அந்த ஐந்தே மூன்றாகும். எனவே வாரந்தோறும் செல்பவர் அதே ஊரில் பயிற்சி பெற்ற பணியாளராகவும், அவரை மேற்பார்வையிட மாதம் ஒரு முறை வருபவர் சிகிச்சையாளராகவும் இருக்கும் ஏற்பாடே நிற்கும். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களைக் கைப்பேசிச் செயலி வழியாகச் சிகிச்சையாளர்களுடன் இணைத்து இம்முறையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. செய்ய முடியாதது என்று அரசு இதைத் தள்ளிவிட முடியாது.

மலையிலிருந்து இறங்கி, சமவெளியின் காலனித் தெருக்களுக்கு வந்தால் தூரம் குறைகிறது. வேறொன்று குறுக்கே நிற்கிறது. இயன்முறைச் சிகிச்சை என்பது தொடுகை. குழந்தையின் காலை மடியில் வைத்து நீட்ட வேண்டும். வாயோரத் தசையை விரலால் நீவ வேண்டும். அந்த வீட்டுத் தரையில் அமர வேண்டும். அந்த வீட்டுக் கிண்ணத்தையும் கரண்டியையும் கையிலெடுத்து உணவூட்டக் காட்ட வேண்டும். சாதி எதையெல்லாம் விலக்கச் சொல்கிறதோ அதையெல்லாம் இச்சிகிச்சை செய்யச் சொல்கிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவச் சேவையை ஆராய்ந்து சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் எழுதிய அறிக்கை, சுகாதாரப் பணியாளர்கள் தொடுவதைத் தவிர்ப்பதையும், செலவிடும் நேரத்தைச் சுருக்குவதையும் பதிவு செய்தது. இங்கே பாகுபாடு பெரும்பாலும் மறுப்பாக வெளிப்படுவதில்லை. வருகை சற்று அரிதாகிறது, சற்றுச் சுருங்குகிறது, வாசலோடு முடிகிறது.

வழக்கறிஞர் என்ற முறையில் என்னை உறுத்துவது இந்த இடம்தான். தீண்டாமை காரணமாகச் சேவை வழங்க மறுப்பதை 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தண்டிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைத் தண்டிக்கிறது. ஆனால் எத்தனை முறை வர வேண்டும் என்று எங்கும் எழுதப்படாத பணியில், வராததை எப்படி மெய்ப்பிப்பது? ஊர்த் தெருவுக்கு நான்கு முறையும் காலனிக்கு ஒரு முறையும் வந்தவரிடம் கேட்டால், தேவைக்கேற்ப வந்தேன் என்பார். அதை மறுக்க நம் கையில் ஓர் எண் வேண்டும்.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டே என்று சிலர் கேட்கக்கூடும். ஒடிசாவின் ஊரகப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், தாய்மார்களைக் குழுவாகக் கூட்டிக் கற்றுத் தருவது வீட்டுக்கு வீடு செல்வதற்கு இணையான பலனை, மிகக் குறைந்த செலவில் தந்தது உண்மைதான். வளர்ச்சித் தாமதம் உள்ள பல குழந்தைகளுக்கு அது ஏற்றதே. அந்தக் குழு எந்தத் தெருவின் அங்கன்வாடியில் கூடும் என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சிகிச்சை என்னும் கோரிக்கையிலேயே ஒளிந்திருக்கும் இரண்டு ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்கே வருகிறார்களே, பிறகு அங்கன்வாடிக்கு ஏன் அழைத்து வருகிறாய் என்ற கேள்வி விரைவில் எழும். குழந்தையை அறைக்குள் வைத்துக்கொள்ள ஒரு சாக்காக வீட்டுச் சேவை மாறினால் அது ஒதுக்கலின் இன்னொரு வடிவமாகிவிடும். அங்கன்வாடியில் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்வதற்கான நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. வீட்டுச் சேவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதையாக அமைய வேண்டும். மற்றோர் ஆபத்து, தாயின் தலையில் விழும் சுமை. நாள் முழுவதும் பயிற்சி அளியுங்கள் என்பது கூலி வேலைக்குப் போகாதீர்கள் என்பதன் மறுசொல்தான். அதே 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியைப் பற்றிப் பேசுகிறது. குழந்தைகளின் தாய்மார்களுக்கு அதை விரிவாக்காமல் பெற்றோர் வழிப் பயிற்சி என்று பேசுவது, பெண்களின் ஊதியமில்லா உழைப்பின் மீது திட்டம் கட்டுவதாகும்.

எண்ணைச் சட்டத்தில் எழுத முடியுமா என்ற ஐயம் தேவையில்லை. அமெரிக்காவில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சட்டத் திட்டம் 1986 முதல் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்துவடிவத் திட்டம் ஒன்று தரப்பட வேண்டும். சேவை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம், எந்த முறையில் என்பது அதில் குறிக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது மீளாய்வு செய்யப்பட வேண்டும். நம் உச்ச நீதிமன்றமும் எண்ணுக்கு அஞ்சியதில்லை. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல், தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று விகிதம் வகுத்தது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில், அணுகுதல் குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது தாய்ச் சட்டத்துக்கு முரண் என்றும், விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களைக் கட்டாயமாக வகுக்க வேண்டும் என்றும் கூறியது. அத்தீர்ப்பின் தர்க்கம் 25, 27ஆம் பிரிவுகளுக்கும் நீளக்கூடியது என்பது என் கருத்து.

நான் முன்வைக்கும் குறைந்தபட்ச அளவு இது: கண்டறியப்பட்ட 45 நாட்களுக்குள் எழுத்துவடிவத் திட்டம்; வாரம் ஒரு முறை உள்ளூர்ப் பணியாளர், மாதம் ஒரு முறை சிகிச்சையாளர்; தவறிய வருகை ஈடுசெய்யப்பட வேண்டும்; வருகை அட்டை குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும், இடம்பெயர்ந்தால் போகுமிடத்திலும் அது செல்ல வேண்டும். குழந்தைக்கு இதைவிடக் கூடுதல் தேவையென்றால் கூடுதல். பணியாளர்கள் பழங்குடி, தலித் குடியிருப்புகளைச் சேர்ந்த பெண்களாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நிதி எங்கே என்று கேட்பவர்களுக்கு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தமிழ்நாடு 2024இல் இயற்றிய சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம்.

இதற்கு முன்பாகச் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இதைப் படிக்கும் சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த வாரமே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. கல்வராயன்மலை வட்டாரத்தில் கடந்த ஓராண்டில் கண்டறியப்பட்ட, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவர் வீட்டுக்கும் பணியாளர் சென்ற நாட்கள் எத்தனை? அவர்களுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர்? குழந்தைகளின் பெயரைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும். சுகாதாரத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை மூன்றுக்கும் தனித்தனியே அனுப்புங்கள். ஒரு துறை அடுத்த துறையைக் கைகாட்டினால், 6(3) பிரிவின்படி மனுவை மாற்றி அனுப்புவது அந்த அலுவலரின் கடமை என்பதை மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.