சாளரமும் கட்டளையும்

ஒலுவிற் கரையில் 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலேயே முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்தது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதே கரையில், டென்மார்க்கின் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட துறைமுகம் 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன, இறங்குதுறை எழுந்தது. ஆயினும் வாயிலில் மணல் திரண்டமையாற் கலங்கள் உட்புகல் அரிதாயிற்று. அயற்கரையோ கடலரிப்புக்கு இரையாயிற்று. கட்டடங்கள் எழுவதனால் மட்டும் துறைமுகம் உண்டாவதில்லை, உட்புகும் வழியும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் உண்மையை இக்கரையோர மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கணினிக் கல்வி பற்றியும் இவ்வுண்மையே கூறற்பாலது. ஆய்வுகூடங்கள் எழுந்துள்ளன; இயந்திரங்கள் வந்துள்ளன. ஆயின் மாணவன் அவ்வியந்திரத்துள் எவ்வழியாற் புகுகின்றான்? உரைத்தொகுப்பி ஒன்றைத் திறத்தல் என்னும் மிகச் சிறிய செயலை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்தல் தகும். செயல் சிறிதாயினும் அதன்கண் அடங்கிய பிரச்சினை சிறிதன்று.

இவ்விடயத்தில் இரு கட்சியினர் உளர். முதற் கட்சியினர், சுட்டியாற் படவுருவைச் சொடுக்கியதும் சாளரம் திறக்கின்றதெனின், கட்டளை வரி எதற்கு என வினவுவர். கட்டளை வரி கழிந்துபோன காலத்தின் எச்சம் என்பது அவர்தம் முடிபு. இரண்டாங் கட்சியினர் இதற்கு நேர்மாறானவர். வரைகலைச் சாளரம் என்பது அறியாதார்க்கு அமைந்த விளையாட்டுப் பொருள், மெய்யான நிரலாளன் முனையத்தை விட்டு வெளியே வரான் என்பர் இவர். இவ்விரு கொள்கைகளும் தமிழில் எழுதும் மாணவனுக்குப் பொருந்தா. அவனுக்குத் தேவையானது வரைகலைச் சாளரமே. ஆனால் அதனைக் கட்டளை வரியினின்றும், உரிய தெரிவுகளுடன், தானே திறக்கும் ஆற்றல் அவனுக்கு வேண்டும்.

முதற் கட்சியினரின் வாதத்தை முதலில் நோக்குவோம். படவுரு என்பது கட்டளை வரிக்கு மாற்றானது என அவர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு படவுருவின் பின்னும் ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. இன்ன நிரலை இன்ன தெரிவுகளுடன் இயக்குக என ஒரு கட்டளை வரி அதிலே எழுதப்பட்டுள்ளது. எனவே சொடுக்குபவனும் கட்டளை வரியையே பயன்படுத்துகின்றான். அவ்வரியை எழுதியவன் வேறொருவன் என்பதே வேறுபாடு. கட்டளை ஒழிந்துவிடவில்லை, கட்டளையிடும் உரிமை கைமாறிவிட்டது. விண்டோஸின் நோட்பாட்டும் இதற்கு விலக்கன்று. சாய்கோட்டோடு 'பி' என்னும் ஆங்கில எழுத்தையும் கோப்பின் பெயரையும் சேர்த்து அழைப்பின் அஃது அக்கோப்பினை அச்சிடும்.

தெரிவுகளின் இலக்கணம் எளிது. யுனிக்ஸ் மரபில் ஒற்றைச் சிறுகோட்டின் பின் ஓரெழுத்து வரும். குனூ மரபில் இரட்டைச் சிறுகோட்டின் பின் முழுச்சொல் வரும். இரட்டைக்கோடு தனித்து நிற்பின், அதன் பின் வருவன யாவும் தெரிவுகளல்ல, கோப்புப் பெயர்களே என்பது பொருள். பெயரிடையே வெற்றிடம் இருப்பின் அதனை மேற்கோட்குறியுள் அடைத்தல் வேண்டும். 'நாட்டார் பாடல்கள்' எனத் தமிழிற் பெயரிடப்பட்ட கோப்பு குறியின்றி எழுதப்படின் இரு கோப்புகளாகவே கொள்ளப்படும். ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளத்தக்க இவ்விதிகள், பட்டம் பெற்று வெளியேறும் நாள்வரையிற் பலருக்குத் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது.

இத்தெரிவுகளாற் பயன் யாது? நிரலொன்றைத் தொகுக்கும்போது 214ஆம் வரியிற் பிழை எனக் கணினி அறிவிக்கின்றது என்க. சுட்டியை மட்டும் அறிந்தவன் கோப்பினைத் திறந்து, உருட்டி உருட்டி அவ்வரியைத் தேடுவான். ஜிஎடிற், ஜிவிம், ஈமாக்ஸ் ஆகிய மூன்றும் கூட்டற்குறியோடு வரியெண்ணைச் சேர்த்து அழைப்பின் அவ்வரியிலேயே திறக்கும். கேற் என்னும் தொகுப்பி வரிக்கு ஒன்றும் நிரலுக்கு ஒன்றுமாக இரு தெரிவுகளை ஏற்கும். இரு கோப்புகளை அருகருகே வைத்து வேறுபாடு காணவேண்டுமெனின் ஜிவிமுக்கும் விசுவல் ஸ்ரூடியோ கோட்டுக்கும் அதற்கென ஒரு தெரிவு உண்டு. மூலப்படியைத் தவறுதலாக மாற்றிவிடாது வாசிக்க மட்டும் திறக்க ஜிவிமில் இன்னொன்று உண்டு. தொகுப்பியே பழுதுற்றதுபோல் நடப்பின், பயனர் அமைப்புகள் எவையுமின்றி அதனைத் தொடக்கிப் பார்க்க ஈமாக்ஸில் வழியுண்டு. பழுது நிரலிலா தன் அமைப்பிலா எனப் பிரித்தறிய இதனினும் எளிய சோதனை இல்லை. இவை எவற்றையும் படவுரு கேட்பதில்லை. அது கேட்பது ஒரே கேள்வி: திறப்பதா, விடுவதா?

இன்னும் நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிற் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு நிரல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதியுமுன் அதற்கொரு குறிப்பு எழுதுமாறு தொகுப்பியைத் திறக்கும். தொகுப்பி முடிவடைந்ததும் குறிப்பை வாசிக்கும். வரைகலைத் தொகுப்பிகள் பலவோ கோப்பினை ஏற்கெனவே திறந்துள்ள சாளரத்திடம் ஒப்படைத்துவிட்டு உடனே விலகிவிடும். எழுதத் தொடங்குமுன்னரே எழுத்து முடிந்ததெனக் கருதும் கிற், குறிப்பு வெறுமையாக உள்ளது எனக் கூறிப் பதிவைக் கைவிடும். நிரல் பழுது என மாணவன் நினைக்கின்றான். காத்திருக்குமாறு பணிக்கும் தெரிவொன்று ஜிஎடிற்றிலும் விசுவல் ஸ்ரூடியோ கோட்டிலும் உண்டு. ஜிவிமில் முன்னணியிலேயே நிற்குமாறு பணிக்கும் தெரிவு உண்டு. அதனைச் சேர்த்தால் இடர் நீங்கும். ஒரு சொல்லால் நீங்கும் இடரை அறியாது ஒரு நாளை இழப்பவன் கருவியை ஆள்பவனல்லன், கருவியால் ஆளப்படுபவன்.

இனி இரண்டாங் கட்சியினரின் வாதத்துக்கு வருவோம். முனையத்தின் பெருமையை மறுப்பார் இல்லை. 1976இல் பில் ஜோய் ஆக்கிய வீஐ தொகுப்பி வரைகலை ஏதுமின்றி முனையத்தில் இயங்கியது. அதன் வழித்தோன்றலான விம் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஆயின் அம்மரபு எந்த எழுத்துக்காக எழுந்தது என்பது நோக்கற்பாலது. முனையத் திரை சம அளவான கட்டங்களால் ஆயது. ஓர் ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துள் அமைதியாக அமரும். தமிழெழுத்து அவ்வாறு அமராது. 'மி'யும் 'மௌ'வும் ஒரே அகலம் கொள்ளா. 'கெ', 'கே', 'கை' என்பவற்றில் மெய்யின் பின் சேமிக்கப்படும் உயிர்க்குறி, மெய்யின் முன்னே வரையப்படல் வேண்டும். 'கொ'விலோ இருபுறமும் வரையப்படல் வேண்டும். முனையங்கள் பல இதனைச் செவ்வனே செய்வதில்லை. குறிகள் இடம் மாறும், எழுத்துகள் ஒன்றன்மேலொன்று ஏறும். ஜிவிம் வரைகலைச் சாளரத்தில் இயங்குவதாயினும் இக்கட்டக்கோட்பாட்டை முற்றாக விட்டு நீங்கவில்லை. ஜிஎடிற், கேற் போன்றவையே எழுத்துருவாக்கத்தை முறையாகச் செய்கின்றன.

இக்கரையோரத்தின் தனித்த தேவை இதனை மேலும் வலியுறுத்தும். முஸ்லிம் மக்களிடையே தமிழை அரபு வரிவடிவில் எழுதும் அரபுத்தமிழ் மரபு நீண்டகாலமாக நிலவியது. அவ்வேடுகளைக் கணினியிற் பதிய விழையும் ஆய்வாளன், வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தையும் இடமிருந்து வலமாகச் செல்லும் எழுத்தையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டியவன். வரைகலைத் தொகுப்பியின்றி இப்பணி கைகூடுதல் அரிது. எனவே முனையத்தினுள்ளேயே வாழ்க என்னும் அறிவுரை, ஆங்கில எழுத்தின் வசதியைப் பொதுவிதியாக்கும் அறிவுரையேயன்றி வேறன்று.

தமிழ்க் கோப்புகளுக்கு எல்லாவற்றினும் இன்றியமையாத தெரிவு குறிமுறை பற்றியது. 1991இல் வெளியான யுனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. யூரிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். அத்தகைய கோப்பினை மேலை ஐரோப்பியக் குறிமுறை எனத் தவறாகக் கொண்டு திறப்பின், உச்சிக்குறியிட்ட 'ஏ' எழுத்தும் பதிவு வணிகக்குறியும் மாறிமாறி வரும் பிதற்றலே திரையில் தோன்றும். அதனைக் கெட்டுப்போன கோப்பு எனக் கருதி அழிப்பாரும், அந்நிலையிலேயே திருத்திச் சேமித்து மெய்யாகவே கெடுப்பாரும் உளர். ஜிஎடிற்றையும் கேற்றையும் குறிமுறையைக் குறிப்பிடும் தெரிவுடன் அழைப்பின் உரை மீளும்.

ஆயின் தெரிவுகளால் தீராத நோயும் ஒன்றுண்டு. இலங்கையிற் பல்லாண்டுகள் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளே சேமிக்கப்பட்டு, தமிழ் வடிவம் மட்டும் மேலே போர்த்தப்பட்டது. வெற்றுரையாக அதனைத் திறப்பின் ஆங்கில எழுத்துக் குவியலே எஞ்சும். எக்குறிமுறையைக் குறிப்பிடினும் பயனில்லை. உரையை யுனிக்கோட்டுக்கு மாற்றுவதே வழி. தஸ்கி எனப்படும் முறையிலமைந்த கோப்போ அத்தகையதன்று. அது முறையான குறிமுறையாதலின் குனூவின் ஐகொன்வ் கருவியால் ஒரே கட்டளையில் மாற்றத்தக்கது. எது எழுத்துருச் சிக்கல், எது குறிமுறைச் சிக்கல் எனப் பிரித்தறியும் அறிவு, சொடுக்குதலாற் கிட்டாது. நம் முந்தைய தலைமுறையினர் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும் மலர்களும் பழைய வட்டுகளிற் கிடக்கின்றன. அவை வாசிக்கப்படுமா, குப்பையென வீசப்படுமா என்பது இப்பிரித்தறிவிலேயே தங்கியுள்ளது.

தெரிவுகள் யாவும் ஆங்கிலமாயிற்றே, தமிழ் மாணவன்மேல் இச்சுமை ஏன் என்பாரும் உளர். இவ்வெதிர்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் தெரிவு என்பது குறியீடு. அதனைக் கற்பிக்கும் மொழி தமிழாயிருத்தலே இன்றியமையாதது. ஒலுவிலுக்கு வடக்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1930களில் தமிழ்நாட்டிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியபோது, வேதியியற் குறியீடுகளை ஒழித்துவிட்டு வேதியியலைத் தமிழாக்க முற்படவில்லை. அறிவியலைத் தமிழில் விளக்கும் சொற்களையே தேடினார். அதுவே இங்கும் செய்யத்தக்கது. மேலும், ஜிநோம், கேடீஈ ஆகிய சூழல்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஏற்கெனவே உள. கட்டளையின் முன்னே மொழிமாறியைத் தமிழெனக் குறித்து அழைப்பின், மொழித்தொகுதி நிறுவப்பட்டுள்ள கணினியில், அந்நிரல் மட்டும் தமிழில் எழும். தமிழிற் கணினியை இயக்கும் வழியும் கட்டளை வரியூடாகவே செல்கின்றது என்பதை முதற் கட்சியினர் சிந்திப்பாராக.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு வேண்டிய கட்டளையை எழுதித் தருமே என்பது இன்றைய புதுவாதம். தரும். தந்ததை வாசித்தறிய இயலாதவன் அதனை அப்படியே ஒட்டி இயக்குவான். கோப்பைத் திறக்கும் கட்டளைக்கும் அழிக்கும் கட்டளைக்கும் வேற்றுமை அறியான். பிறர் எழுதிய படவுருவை நம்பியவன், பிறிதொன்று எழுதிய வரியை நம்புகின்றான். அடிமைத்தனத்தின் வடிவம் மாறியதன்றி அடிமைத்தனம் மாறவில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவு. கணினி ஆய்வுகூடத்தின் முதல் வாரத்திலேயே, கலைப்பீடம் உட்பட எப்பீட மாணவனாயினும், உரைத்தொகுப்பியைக் கட்டளை வரியினின்று திறக்கப் பழக்கப்படல் வேண்டும். தொகுப்பிகள் பல இரட்டைக்கோட்டுடன் 'ஹெல்ப்' என்னும் சொல்லுக்குத் தம் தெரிவுகளைத் தாமே பட்டியலிடுகின்றன. அப்பட்டியலைத் தமிழில் விளக்கும் சிறு கைந்நூலொன்றைத் தமிழ்ச் சங்கங்களும் கணினித் துறைகளும் இணைந்து ஆக்குதல் வேண்டும். இதற்கு நிதி வேண்டியதில்லை. புதிய கட்டடம் வேண்டியதில்லை. விரிவுரையாளர் சிலரின் விடாமுயற்சியும் மாணவர் சிலரின் சில மாலைப்பொழுதுகளுமே போதும். இத்துணை எளிய பணியும் இன்னும் செய்யப்படாதிருப்பின், குறை கருவியின்பாற்பட்டதன்று, மொழியின்பாற்பட்டதுமன்று.