மச்சுக் கட்டையும் மின்சாரக் கம்பியும்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கச் செல்கிறவர்கள் தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூணையும், முகம் தெரியும்படி பளபளக்கும் கருந்தரையையும் கண்டு வியந்து திரும்புகிறார்கள். மாடிப்படியேறும்போது சற்றே நின்று, தலைக்கு மேலுள்ள உத்தரங்களைப் பார்ப்பவர்கள் சிலரே. மேல்தளத்தின் பாரம் முழுவதையும் அந்த மரங்கள் வாய் திறவாமல் சுமந்து நிற்கின்றன. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்ட பிறகும் அவை தம் வேலையை விடவில்லை. எண்ணெய் விளக்கு எரிந்த அந்நாட்களில் கம்பி கொண்டுபோவதற்காக அவற்றைத் துளைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் ஏற்பட்டதில்லை.

நாஞ்சில் நாட்டின் பழைய தச்சு வீடுகளும் அதே மரபில் வந்தவைதாம். சுவருக்குச் சுவர் உத்தரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின்மேல் பலகை: இதுவே மச்சு. மின்சாரமோ நேற்று வந்த விருந்தாளி. திருவனந்தபுரத்தில் மின்விளக்கு எரியத் தொடங்கியது 1929-இல். பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது 1940-இல். அதற்கு முன் எழுந்த வீடுகளில் கம்பிக்கென்று இடம் விட்டிருக்க நியாயமில்லை. முதலில் வந்த வயர்மேன்கள் தேக்கு ரீப்பரை உத்தரத்தின் பக்கவாட்டில் அறைந்து, அதன்மேல் கம்பியைக் கிளிப்பால் பிடித்துக் கொண்டுபோனார்கள். பார்வைக்கு அத்தனை அழகில்லை. ஆனால் மரத்துக்குத் தீங்குமில்லை. இப்போது எல்லோருக்கும் கம்பி கண்ணில் படக்கூடாது என்ற ஆசை வந்துவிட்டது. மச்சுக்குக் கீழே பொய்க்கூரை போடுகிறார்கள். அதன் மறைவிலே உளியும் டிரில்லும் என்ன செய்தன என்பதை வீட்டுக்காரர் அறிவதேயில்லை.

ஆசாரி கட்டிய வீட்டை வயர்மேன் அறுக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. இதுதான் விபரீதத்தின் வேர் என்பது நமது அபிப்பிராயம்.

மரம் எங்கே பலம், எங்கே பலவீனம் என்பதை அறிய ஒரு பச்சைக் குச்சியை எடுத்து வளைத்துப் பார்த்தாலே போதும். வெளிவளைவில் பட்டை இழுபட்டுக் கிழிகிறது; உள்வளைவில் நெருக்குண்டு சுருங்குகிறது; நடுவிலோ பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. மச்சுக் கட்டையின் கதியும் அதுவே. மேலே பாரம் ஏறும்போது கட்டையின் மேல்விளிம்பு நெருக்குண்கிறது, அடிவிளிம்பு இழுபடுகிறது. உயரத்தின் சரிநடுவிலே அந்த இரண்டு வேதனையும் இல்லை. ஆகையால் துளையிடுவதானால் நடுவில்தான் இடவேண்டும். விளிம்பைத் தொடவே கூடாது.

இதைக் கணக்காகவும் சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கூட வாத்தியார் பழக்கத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. ஒரு கட்டையின் வளைவு தாங்கும் வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டங்குல உயரக் கட்டையின் விளிம்பில் இரண்டங்குல ஆழத்துக்கு வெட்டிவிட்டால், அவ்விடத்தில் மிஞ்சுவது முக்கால் உயரம். முக்காலின் வர்க்கம் பதினாறில் ஒன்பது. அதாவது உயரத்தில் காற்பங்கு வெட்டியதற்கு வலிமையில் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது! அதே கட்டையின் நடுவில் அதே இரண்டங்குல அகலத்துக்கு வட்டத் துளை இட்டாலோ, வளைவைத் தடுக்கும் ஆற்றலில் குறைவது 64-இல் ஒரு பங்கு மட்டுமே. வெட்டு அடிவிளிம்பில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இழுபடும் இடத்தில் ஒரு மூலை கிடைத்துவிட்டால், விரிசல் அங்கிருந்து புறப்பட்டு மரத்தின் நார் போகும் வழியே ஓடும்.

அப்படியானால் நீளவாட்டில் எங்கே வேண்டுமானாலும் துளைக்கலாமா? கூடாது. கட்டை சுவரில் அமரும் இடத்துக்கருகே மரத்தை நீளவாட்டில் வழுக்கிப் பிளக்கப் பார்க்கும் விசை அதிகம். அது உயரத்தின் நடுவில்தான் உச்சத்தில் இருக்கிறது. நீளத்தின் மையத்திலோ வளைவு அதிகம். இரண்டும் மட்டாக உள்ள இடைப்பகுதியே தகுந்தது. மரத்தளம் மிகுதியாக உள்ள பிரிட்டனில் கட்டிட வேலைக்காரர்கள் பின்பற்றும் விதி ஒன்றுண்டு: துளையின் விட்டம் கட்டையின் உயரத்தில் காற்பங்குக்கு மேற்படக்கூடாது, சுவரிலிருந்து அளந்தால், கட்டையின் நீளத்தில் நூற்றுக்கு 25-க்கும் 40-க்கும் இடைப்பட்ட பகுதியில் துளை விழவேண்டும், அடுத்தடுத்த துளைகளின் மையங்களுக்கிடையே துளை விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும். பத்தடி நீளமுள்ள கட்டையானால் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் இரண்டரை அடிக்கும் நாலடிக்கும் நடுவே என்று கொள்க. நமக்கு வேண்டியதோ முக்கால் அங்குலக் குழாய் போகும் துளைதான்; விட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. இடத்தைப் பற்றித்தான் கவலை.

இந்த விதி ஆரோக்கியமான, சதுரமாக இழைத்த மரத்துக்கு. பனங்கட்டைக்கு இது செல்லாது. புறத்தே வைரமுள்ளதைப் புல் என்றும் அகத்தே வைரமுள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த இலக்கணப்படி தேக்கும் பலாவும் மரம், பனை புல். பனையின் பலமெல்லாம் வெளிப்புறத்தில், உள்ளே சோறு. பிளந்து போட்ட பனங்கட்டையில் நடு எது, விளிம்பு எது என்று கணக்குப் பார்த்துக் கொண்டிராமல், துளைக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டுக் கம்பியை வெளியே பக்கமாகக் கொண்டுபோவதே உத்தமம்.

மரம் ஆரோக்கியமானதுதானா என்பதற்கும் ஒரு சோதனை சொல்லலாம். டிரில் ஓடும்போது வெளிவரும் தூளைக் கையில் வாங்கிப் பாருங்கள். சுருளாகவோ, சுத்தமான நறுந்தூளாகவோ வந்தால் நல்லது. மண் கலந்த பொடியாக உதிர்ந்தாலும், டிரில் திடீரென்று தடையில்லாமல் உள்ளே பாய்ந்தாலும், உள்ளே கறையான் குடியிருந்திருக்கிறது என்று பொருள். அங்கே வயர்மேனை நிறுத்திவிட்டு ஆசாரியை அழைக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் ஜில்லா நமது. சுவருக்குள் புதைந்த கட்டை முனைகளில் ஈரமும் கறையானும் சேர்ந்தே வாசம் செய்யும்.

விளிம்பில் வெட்டும் வழக்கம் ஏன் ஒழியவில்லை என்று விசாரித்தால், சோம்பல் ஒன்றே காரணமல்ல என்று தெரிகிறது. கட்டைகளுக்கிடையே டிரில்லை நேராகப் பிடிக்க இடமிருப்பதில்லை. சாய்த்துப் பிடித்தால் துளையும் சாய்ந்து விளிம்பை நெருங்குகிறது. விறைப்பான பி.வி.சி. குழாயை வரிசையாக நாலு துளைக்குள் நுழைக்கவும் முடியாது. தலை மடங்கிய டிரில்லும், வளையும் குழாயும் இருந்தால் இந்தத் தொல்லை தீரும். வேலைக்கு வருகிறவரிடம் இவை உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரசாங்க உரிமம் உண்டா என்பதையும் சேர்த்தே கேட்கலாம். அதற்காக எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மேல்விளிம்பில் வெட்டிக் கம்பியைப் பதிப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. பலகை ஆடுகிறதென்று நாளைக்கு ஒருவர் ஆணி அடிப்பார். ஆணி நேரே கம்பியில் இறங்கும். ஆகையால் துளை பலகையிலிருந்து இரண்டங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். குழாயில்லாமல் வெறுங்கம்பியை விடவும் கூடாது. நெல் சேர்த்து வைத்த மச்சில் எலிக்குப் பஞ்சமில்லை. எலிக்குக் கம்பியின் உறையும் ஒன்று, நெல்லும் ஒன்று. மரத்தின் மறைவில் கம்பிக்குக் கம்பி முறுக்கி இணைத்துவிட்டுப் போவது எல்லாவற்றிலும் கொடிது. முறுக்குத் தளர்ந்தால் அங்கே சூடேறும். சுற்றிலும் இருப்பதோ நூறு வருஷம் காய்ந்த மரம். இணைப்புகள் மூடியுள்ள பெட்டிக்குள், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். மீட்டர் பக்கத்தில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஸ்விட்ச் ஒன்றையும் மாட்டிவிட்டால், மழைக்காலத்தில் குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பெரிய காப்பு.

ஏற்கெனவே வெட்டுண்ட கட்டைகள் உள்ளவர்கள் கலங்க வேண்டியதில்லை. மச்சின்மேல் உள்ள பாரத்தை முதலில் இறக்குங்கள். கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். பின்பு அதே உயரமுள்ள துணைக்கட்டை ஒன்றைப் பக்கத்தில் சேர்த்து, வெட்டுக்கு இருபுறமும் நன்றாக நீளும்படி போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அந்த போல்ட்டுக்கு வேண்டிய துளைகளும் விளிம்பை விட்டு விலகியே விழவேண்டும் என்பதை ஆசாரிக்குச் சொல்லத் தேவையிராது, வயர்மேனுக்குச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கம்பி போகும் வழியை ஒரு காகிதத்தில் வரைந்து மீட்டர் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைப்பது நல்லது. மேலே பலகையிலும் அதே வழியில் வர்ணத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டால், ஆணி அடிக்க வருகிறவர் கண்ணுக்கு அது படும்.