சுதேசிக் கப்பலை மூழ்கடித்தது யார்?

"வ.உ.சி. பெரிய தேசபக்தர்தான். ஆனால் வியாபாரம் தெரியாதவர். கட்டணப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் கம்பெனியை மூடினார்." தூத்துக்குடியிலேயே படித்தவர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கலாம். வணிகவியல் படிக்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். உணர்ச்சியை நம்பித் தொழில் தொடங்கினால் இதுதான் கதி என்று பாடம் எடுப்பார்கள்.

சுத்தப் பொய். கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள், பங்கு ஒன்று 25 ரூபாய். (அந்தக் காலத்து 25 ரூபாய்! சும்மா ஆர்வத்தில் தூக்கிக் கொடுக்கிற தொகை இல்லை.) தலைவர் பாண்டித்துரைத் தேவர், துணைச் செயலாளர் வ.உ.சி. முதலில் பம்பாயிலிருந்த ஒரு கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். எதிராளி அந்தக் கம்பெனியை நெருக்கி வாடகையை ரத்து செய்ய வைத்தான். இவர் அசரவில்லை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் போனார். 1907இல் காலியோ, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வியாபாரம் தெரியாதவன் செய்கிற வேலையா இது?

எதிராளி யார்? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. இதை ஏதோ திறமையால் வளர்ந்த தனியார் நிறுவனம் மாதிரி பேசுவதுதான் வேடிக்கை. 1852இல் இரண்டாம் பர்மா போர். அதில் ரங்கூன் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிடித்த ஊருக்குத் தபால் போக வேண்டுமே? அந்த அரசாங்கத் தபாலைக் கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்குக் கொண்டுபோக 1856இல் தொடங்கிய கம்பெனிதான் பிறகு இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. அடுத்த வருடமே, 1857 எழுச்சியை அடக்க, இலங்கையிலிருந்து படைவீரர்களை ஏற்றிக்கொண்டு வந்ததும் இதன் கப்பல்தான். போரில் பிறந்து, தபால் மானியத்தில் வளர்ந்து, பட்டாளம் ஏற்றிக் கொழுத்த கம்பெனி அது. 25 ரூபாய்ப் பங்குக்காரர்கள் ஒரு பக்கம், சாம்ராஜ்யத்தின் கஜானா இன்னொரு பக்கம். இதற்குப் பெயர் சந்தைப் போட்டியாம்!

அப்படியும் கட்டணப் போரில் சுதேசிக் கம்பெனி விழவில்லை. இதுதான் முக்கியம். அவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள், இவர்களும் குறைத்தார்கள். இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், ஏறினால் குடையும் தருகிறோம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி கூவியதாகச் சொல்வார்கள். குடைக்கு ஆசைப்பட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனாலும் 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது கம்பெனி உயிரோடுதான் இருந்தது.

கைது ஏன்? பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தது. கப்பலும் ஓடுகிறது, ஆலைத் தொழிலாளியும் ஜெயிக்கிறான் என்றால் கலெக்டருக்குத் தூக்கம் வருமா? மார்ச் 12இல் கைது. 13இல் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தண்டனைப் போலீஸை நிறுத்தி, அதற்கான செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே வரியாகக் கட்டினார்கள். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். ராஜதுரோகத்துக்கு 20 வருடம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருடம், ஆகமொத்தம் 40. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது உண்மை. ஆனால் 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை. 1911லேயே கலைத்துவிட்டார்கள்.

போட்டியில் தோற்றவன் மீது யாராவது ராஜதுரோக வழக்குப் போடுவார்களா?

கம்பெனிக்குள் பலவீனமே இல்லை என்று வாதாட வேண்டியதில்லை. அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் பாருங்கள் என்று பங்குதாரர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். இன்றைக்கும் அதையே அவருடைய தவறாகச் சொல்கிறவர்கள் உண்டு. இந்தக் கடலில் அரசியல் இல்லாத வியாபாரம் எப்போது நடந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1530களில் முத்துப் பார்களுக்காக நடந்த சண்டையில் பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, கூடவே மதமும் வரியும் வந்தன. 1538இல் வேதாளையில் நடந்த சண்டையோடு கடல் அவர்கள் கைக்குப் போனது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், சலாபமும் கைமாறியது. பிறகு 1824இல் லண்டனில் இரண்டு ஐரோப்பிய அரசுகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அடுத்த வருடம் தூத்துக்குடி ஆங்கிலேயருக்கு. ஒரு தோணிக்காரனையாவது கேட்டிருப்பார்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்கியவன் கடைசிவரை அதே பரதவன்தான். கரையில் நின்று பங்கு பிரித்தவன் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான். ஆங்கிலேயர் காலத்துச் சலாபத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு.

வெள்ளைக்காரன் போனதும் இது முடிந்துவிட்டதா? 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்துக்கொண்டன. ஒருவர் மீனவர் மற்றவர் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று கடிதமும் பரிமாறிக்கொண்டார்கள். அப்போது நாட்டில் அவசரநிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில். தமிழக ஆட்சியை ஜனவரி 31இலேயே கலைத்தாயிற்று. ஆட்சேபம் சொல்ல சட்டசபை என்று ஒன்றே இல்லாத நேரம் பார்த்து ஒரு கடற்கரையின் கடலில் கோடு போட்டார்கள். இதையும் சந்தையின் தீர்ப்பு என்பீர்களா?

வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பிய 124ஏ பிரிவு 1870இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது சட்டப் புத்தகத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம்தான் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது ராஜதுரோகம் என்ற வார்த்தை போனது, 152 என்ற புது எண் வந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு என்ன வித்தியாசம் என்று யாராவது சொன்னால் புண்ணியம்.

நாம் என்ன செய்கிறோம்? செக்கிழுத்த செம்மல் என்று வருடா வருடம் மாலை போடுகிறோம். செக்கைப் பற்றிப் பேச எல்லோருக்கும் பிடிக்கிறது, கண்ணீர் வருகிறது. எதற்காக அந்தச் செக்கில் பூட்டினார்கள் என்று கேட்டால் பேச்சு கப்பல் கம்பெனிக்குத் திரும்ப வேண்டியிருக்கும், அது கொஞ்சம் சங்கடம்.

2011 பிப்ரவரியில் தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். இலங்கைப் போரால் 1980களிலிருந்து நின்றுபோயிருந்த கொழும்புப் பயணிகள் கப்பலும் அதே ஜூன் மாதம் அங்கிருந்து மறுபடி புறப்பட்டது. அவர் கப்பல் ஓட்டிய அதே தடம். நவம்பரில் அதுவும் நின்றுவிட்டது.