கூட்டுவதா, பெருக்குவதா?

குட்டீஸ், 2³ × 2² எவ்வளவு? 2⁵ என்றால் சபாஷ்! 2⁶ என்றவர்களும் கவலைப்பட வேண்டாம். உங்கள் கட்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நடுவில் பெருக்கல் குறி இருக்கும்போது, மேலே உள்ள எண்களை மட்டும் ஏன் கூட்ட வேண்டும்? நியாயமான சந்தேகம்தான்.

'அடிமானம் ஒன்றாக இருந்தால் அடுக்குகளைக் கூட்டு' என்று மனப்பாடம் செய்தால் இந்தச் சந்தேகம் தீராது. எங்கேயாவது ஒளிந்திருந்து, சரியாகப் பரீட்சை ஹாலில் எட்டிப் பார்க்கும்! விதியை மனப்பாடம் செய்யும் முன், அதை ஒருமுறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். இதுதான் என் கட்சி.

பழைய செய்தித்தாளில் ஒரே ஒரு தாளை உருவுங்கள். (அப்பா படித்து முடித்துவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்!) பாதியாக மடித்தால் 2 தாள் கனம். மறுபடி மடித்தால் 4. மூன்றாவது மடிப்பில் 8. அதாவது 2³. இன்னும் 2 முறை மடியுங்கள். கனம் நான்கு மடங்காகி, 8 × 4 = 32 ஆகிவிடும். மொத்தம் எத்தனை முறை மடித்தீர்கள்? 3 + 2 = 5. கனம் பெருகியது, மடிப்புகள் கூடின. மேலே உள்ள குட்டி எண், மடிப்பின் எண்ணிக்கை. அவ்வளவுதான்! 2⁶ = 64 என்றவர்களே, அந்த ஆறாவது மடிப்பு எங்கே?

'இப்படிச் செய்துகொண்டிருந்தால் நேரம் வீணாகுமே' என்பார்கள். உண்மைதான், 2⁵⁰ × 2³⁰ஐ மடித்தும் பார்க்க முடியாது, விரித்தும் எழுத முடியாது. அதற்குத்தான் விதி. ஆனால், காரணம் தெரிந்தவர்களுக்குத்தான் 2³ × 3² வரும்போது கை தயங்கி நிற்கும். அடிமானம் வேறு வேறு ஆயிற்றே! 8 × 9 = 72. விதியை மட்டும் நம்பி 6⁵ என்று எழுதினால் 7,776 ஆகிவிடும். 2³ + 2² என்றாலும் அப்படித்தான். வெறும் 12.

சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன், பிரபஞ்சம் முழுவதையும் நிரப்ப எத்தனை மணல் துகள் வேண்டும் என்று கணக்குப் போட்டார் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். 10⁶³க்கு மேல் போகாது என்பது அவர் விடை. அந்தக் கணக்கில் இதே விதியைத்தான் பயன்படுத்தினார். இத்தனைக்கும், குட்டி எண்ணைத் தலைமேல் எழுதும் வழக்கமே அப்போது கிடையாது! பிரான்ஸ் நாட்டு ரெனே டெகார்ட் 1637ல் வெளியிட்ட வடிவியல் நூலுக்குப் பிறகுதான் அது பரவியது.

சரி, அந்தத் தாளை இப்போது விரித்துவிடுங்கள். மடிப்பு 0. கனம்? ஒரு தாள். 2⁰ = 1 என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்களே, அது இதுதான்!